டவுண் கிராமத்து மணற்பாதை

இலண்டன் மாநகரின் நடுவிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 16 மைல் தொலைவில், கெண்ட் பகுதியின் சுண்ணாம்புக் குன்றுகளின்மீது டவுண் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. புறொம்லி நகரிலே 146 ஆம் இலக்க பஸ் வண்டியில் ஏறி அமர்ந்தால், கடைத்தெருக்களும் செங்கல் வீடுகளும் சிறிது சிறிதாகப் பின்னே ஒதுங்குகின்றன. பின்னர் வேலிகள் இருபுறமும் நெருக்க, எதிரே ஒரு வண்டி வந்தால் ஒன்று மற்றொன்றுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டிய ஒடுங்கிய பாதை தொடங்குகின்றது. 1965 ஆம் ஆண்டு முதல் இவ்வூர் இலண்டன் மாநகரின் எல்லைக்குள் சேர்க்கப்பட்டிருப்பினும், பஸ்ஸிலிருந்து இறங்கியவுடன் நம் காதில் விழுவது காக்கைகளின் ஒலியே. ஒரு தேவாலயம், இரண்டு தவறணைகள், சக்கிமுக்கிக்கற் சுவர் வீடுகள் சில, அவ்வளவுதான் ஊர்.

ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இறுதியில் ஓர் எழுத்தைப் பிற்காலத்திற் கூட்டிக்கொண்டனர். அயர்லாந்தில் அதே பெயருடைய மாவட்டம் ஒன்று இருப்பதால் உண்டான மயக்கத்தை நீக்கவே அவ்வாறு செய்தனர். ஆனால், நாம் காணச் சென்ற வீடு மாத்திரம் அந்த எழுத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. அது இன்றும் பழைய எழுத்திலேயே தன் பெயரை எழுதிக்கொள்கின்றது. அவ்வீட்டில் வாழ்ந்தவரும் ஒருமுறை அமைத்துக்கொண்ட வழக்கத்தை எளிதில் மாற்றாதவர்தாம்.

சாள்ஸ் டார்வின் 1842 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மனைவி மக்களுடன் இங்கே குடியேறி, 1882 ஆம் ஆண்டில் இறக்கும் வரை நாற்பது ஆண்டுகள் இவ்வீட்டிலேயே வாழ்ந்தார். உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய அவருடைய கொள்கையைப் பாடசாலை மாணவரும் அறிவர். அதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பகலிலே உத்தியோகம், இரவிலே எழுத்து என்று நாட்களை ஓட்டி, ஒரு நூலைப் பாதிவரை கொண்டுவந்து நிறுத்தி வைத்திருக்கும் நாம், வேறொரு கேள்வியைச் சுமந்துகொண்டே அங்கே சென்றோம். நாள்தோறும் நோயால் வருந்திய ஒரு மனிதர், பத்துப் பிள்ளைகளின் தந்தையாக இருந்துகொண்டு, இத்தனை நூல்களை எவ்வாறு எழுதி முடித்தார்?

வீட்டை அணுகும்போதே விடையின் ஒரு பகுதி கிடைத்துவிடுகின்றது. தந்தையார் உதவிய ஏறக்குறைய 2,200 பவுண் விலைக்கு வாங்கிய இவ்வீடு, வந்த புதிதில் தெருவை ஒட்டி, போவார் வருவார் கண்ணிற் படும்படி நின்றது. டார்வின் செய்வித்த முதல் வேலைகளுள் ஒன்று, தெருவையே வெட்டி ஏறக்குறைய இரண்டடி தாழ்த்தியதாகும். வெட்டிய மண்ணை அணையாக இட்டு, மதிலும் எழுப்பினார். போதாததற்குப் படிப்பறை யன்னலுக்கு அருகே ஒரு கண்ணாடியையும் பொருத்தினார் என்று கூறுவர். வாசலை நோக்கி வருபவர் யார் என்பதை இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் அல்லவா! விருந்தினர் வந்தால் எழுந்து ஓடி வரவேற்பதே பண்பாடு என வளர்ந்த நமக்கு, இது சற்றுக் கடுமையாகவே தோன்றியது. ஆயினும் அரை மணி நேரம் பேசினால் அன்றிரவு உறக்கம் கெட்டு, மறுநாள் முழுவதும் வாந்தியும் தலைச்சுற்றுமாய்க் கிடக்கும் உடல்நிலை அவருக்கு இருந்தது. அந்நோய் யாதென்பதை இன்றைய மருத்துவரும் ஒருமுகமாகக் கூறவில்லை.

படிப்பறை மங்கலான வெளிச்சமுடையது. நடுவே, அவர் எழுதிய கதிரை. மேசையின் முன் நிமிர்ந்திருந்து எழுதுவது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே, உயர்ந்த முதுகுடைய குதிரைமயிர் மெத்தைக் கதிரை ஒன்றிற்கு இரும்புக் கால்களும் சில்லுகளும் பூட்டுவித்து, துணி போர்த்த பலகை ஒன்றைக் கைப்பிடிகளின்மேற் குறுக்கே வைத்து, அதிலேயே எழுதினார். கணப்பின் அருகே வேண்டுமானால் அங்கே உருட்டிக்கொள்ளலாம்; யன்னலருகே வேண்டுமானால் இங்கே. சுவரோரம் சிறு சிறு இலாச்சிகள், அவற்றின்மேற் பெயர்த் துண்டுகள். அறையின் மூலையிலே ஒரு மறைப்பு. அதன் பின்னாலே பாத்திரமும் தண்ணீரும் வைத்திருந்தார்கள். வாந்தி வந்தால் நாலடி நடந்து அங்கே போய்த் திரும்பிவந்து, விட்ட இடத்திலிருந்து எழுத்தைத் தொடர்வதற்கே இவ்வேற்பாடு. மேனாட்டுப் பயணிகள் பலர் கதிரையைப் படம் பிடிப்பதில் முந்திக்கொண்டனர். நமக்கோ அந்த மூலையை விட்டுக் கண் அகலவில்லை.

படிப்பறையில் இல்லாத பொருள் ஒன்றையும் கூறவேண்டும். டார்வினுக்கு மூக்குத்தூளில் ஆசை மிகுதி. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நிமிடத்திற்கு ஒரு தரம் எடுப்பார் என்பதால், தூட்சாடியை வெளியே நடைகூடத்து மேசைமீது வைத்துவிட்டார். எழுந்து போகும் தொல்லைக்கு அஞ்சியேனும் குறையும் என்பது எண்ணம். சாடியின் மூடி எழுப்பும் ஓசை வீட்டார் அனைவருக்கும் பழக்கமானதாக இருந்ததாம்! எழுத உட்கார்ந்தவுடன் வெற்றிலைத் தட்டத்தை அருகே இழுத்துக்கொள்ளும் நம்மவர் இம்முறையைச் சோதித்துப் பார்க்கலாம்.

அவருடைய நாளாந்த ஒழுங்கை மகன் பிரான்சிஸ் டார்வின் விரிவாக எழுதி வைத்துள்ளார். அது பெரும்பாலும் தந்தையின் பிற்காலத்தை ஒட்டிய சித்திரமே எனினும், அடிப்படை முன்னரே அமைந்துவிட்டது. அதிகாலையில் ஒரு சிறு நடை. காலை 7.45 அளவில் தனியே உணவு. எட்டு மணி முதல் ஒன்பதரை வரை எழுத்து. நாளின் சிறந்த நேரம் அதுவே என அவர் கருதினார். ஒன்பதரைக்குத் தபால் பார்க்க வருவார். கடிதங்களையோ ஒரு நாவலின் பகுதியையோ யாரேனும் உரக்க வாசிக்க, சாய்மனையிற் படுத்துக் கேட்பார். பத்தரைக்கு மீண்டும் படிப்பறை. பன்னிரண்டு மணியளவில் எழுந்து, இன்று நல்ல வேலை செய்தாயிற்று என்று மனநிறைவோடு சொல்லிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

பகல் பன்னிரண்டு மணிக்கே நாளின் வேலை முடிந்துவிட்டது! பின்னர் நடை, பகலுணவு, பத்திரிகை, கடிதங்களுக்கு மறுமொழி, மூன்று மணிக்கு ஓய்வு, நாலு மணிக்கு மறுபடியும் நடை. நாலரை முதல் ஐந்தரை வரை மேலும் ஒரு மணி நேரம் வேலை. அதன்பின் எழுத்தில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் நாலு மணி நேரம். அதற்குமேற் சென்ற நாட்கள் அரிது. விளக்கெரித்து நள்ளிரவு கடந்தால்தான் எழுதியதாகும் என்று நினைத்து, மறுநாட் காலையில் தூங்கி வழியும் மாணவரை நாம் அறிவோம். எழுத்தாளரையும் அறிவோம்.

ஆனால் அந்த நாலு மணி நேரம் உண்மையிலேயே நாலு மணி நேரமாக இருந்தது. பத்து நிமிட வேலைக்கும் கால்மணி நேர வேலைக்கும் உள்ள வேற்றுமையை அவர் பெரிதாக மதித்தவர் என்று மகன் எழுதுகின்றார். சில நிமிடங்கள்தாமே இருக்கின்றன, இனி என்ன தொடங்குவது என்று அவர் இருந்ததில்லை. நோய் எப்போது வந்து எழுப்பிவிடும் என்று அறியாதவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கைப்பணம் போன்றது.

பன்னிரண்டு மணிக்கு அவர் நடந்த இடமே இன்று எல்லாரும் தேடிச் செல்லும் மணற்பாதை. வீட்டின் பின்புறத் தோட்டத்தைக் கடந்து, காய்கறிப் பாத்திகளின் ஓரமாகச் சென்றால், ஒன்றரை ஏக்கர் அளவான ஒரு நீண்ட துண்டு நிலத்தை அடையலாம். 1846 ஆம் ஆண்டில் அயலவராகிய லபொக்கிடமிருந்து குத்தகைக்குப் பெற்று, பல்வகை மரங்களை நட்டு, சுற்றிலும் பாதை அமைத்தார். ஒரு பக்கம் மரநிழல். மறுபக்கம் வெளியான புல்நிலமும் பள்ளத்தாக்கும். இத்தனை சுற்று நடப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து, பாதையோரம் சக்கிமுக்கிக் கற்களைக் குவித்து வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல்லைக் காலால் தட்டிவிடுவார். எண்ணிக்கையை மனத்தில் வைத்திருக்கும் வேலைகூட வேண்டாம். மனம் வேறு வேலையில் இருக்கட்டும் என்பதே கருத்துப் போலும். நாமும் மூன்று சுற்று வந்தோம். இலைகள் நனைந்து கிடந்தன. எதிரே வந்த முதிய தம்பதியர் தலையசைத்துச் சென்றனர். காற்றிலே மரங்கள் அசையும் ஒலியன்றி வேறு ஒலி இல்லை. சிந்தனை தானே வந்து சேர்வதற்கு இதைவிட ஏற்ற இடம் கிடைப்பது அரிது.

எழுதும் முறையையும் அவர் தாமே கூறியிருக்கின்றார். முப்பது நாற்பது பெரிய உறைகளை அலுமாரித் தட்டுகளில் அடுக்கி, ஒவ்வொன்றிற்கும் ஒரு பொருளைக் குறித்து வைத்திருந்தார். எங்கே எந்தச் செய்தி கிடைத்தாலும் துண்டுக் காகிதத்தில் எழுதி உரிய உறையிற் போட்டுவிடுவார். வாசித்த புத்தகத்தின் பின்பக்கத்தில் தமக்கு வேண்டியவற்றிற்குச் சிறு அட்டவணை எழுதுவார். புத்தகங்களை அவர் தெய்வமாகப் போற்றியவரல்லர். கனத்த நூலாயின் கையிற் பிடிக்க வசதியாக இரண்டாகப் பிளந்துவிடுவார். நண்பர் லையெல் எழுதிய நூலையே அவ்வாறு பிளந்து, அதை அவரிடமே சொல்லி, அடுத்த பதிப்பை இரண்டு பாகமாக வெளியிடச் செய்தார்! ஏடு காலிற் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை மாத்திரம் நாம் சிபார்சு செய்யோம்.

எழுதத் தொடங்குமுன் இரண்டு மூன்று பக்கத்திற் சுருக்கமான திட்டம். அதன்பின் அதையே விரித்துப் பல பக்கங்களில் வேறொரு திட்டம். அதற்கும் பின்னரே நூல். முன்னெல்லாம் ஒவ்வொரு வசனத்தையும் யோசித்து யோசித்து எழுதியவர், பிற்காலத்திற் பக்கம் பக்கமாக, சொற்களைப் பாதியாகக் குறுக்கி, எத்துணைக் கிறுக்கலாயினும் வேகமாக எழுதித் தள்ளிவிட்டுத் திருத்தத்தைப் பின்னர் வைத்துக்கொண்டார். அவ்வாறு கிறுக்கிய வசனங்களே பெரும்பாலும் நன்றாக அமைந்தன என்றும் அவர் சொல்லியிருக்கின்றார்.

இவ்வளவு ஒழுங்கும் இருந்தும் அவருடைய தலைசிறந்த நூல் வெளிவர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1842 இல் 35 பக்கத்திற் பென்சிலால் ஒரு குறிப்பு. 1844 இல் அதை ஏறக்குறைய 230 பக்கத்திற்கு விரித்து, ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியரைக் கொண்டு நல்ல பிரதி எடுப்பித்து, பெட்டியில் வைத்துப் பூட்டினார். அவ்வாண்டு யூலை 5 ஆம் திகதி மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் திடீரென இறந்துபோனால், 400 பவுண் செலவிட்டு இதனைத் தகுந்த ஒருவரைக் கொண்டு வெளியிட வேண்டும் என்பதே அதன் சாரம். எம்மா ஆழ்ந்த சமய நம்பிக்கை உடையவர். கணவரின் எண்ணங்கள் இருவரையும் மறுமையிலே பிரித்துவிடுமோ என்று உள்ளூர வருந்தியவர். யாருடைய மனத்தை அந்நூல் மிக நோகச் செய்யுமோ, அவரையே நம்பி அந்நூலை ஒப்படைத்தார். படிப்பறையிற் கண்ட மூலைக்கு அடுத்தபடியாக, இச்செய்தியே நம்மை அங்கே நெடுநேரம் நிறுத்தி வைத்தது.

1846 முதல் எட்டு ஆண்டுகள் அவர் வேறொரு வேலையில் மூழ்கினார். தோணிகளின் அடியிலும் கடற்பாறைகளிலும் ஒட்டிக்கொண்டு வாழும் கொட்டலசு என்னும் சிறு சிப்பி போன்ற உயிர்களை அறுத்து ஆராய்ந்தார். தகப்பன்மார் எல்லாரும் செய்யும் தொழில் இதுவே என்று பிள்ளைகள் எண்ணினர் போலும். அயல்வீட்டுக்குச் சென்ற பிள்ளையொன்று, அவ்வீட்டுத் தகப்பனாரைக் குறித்து, அவர் தம்முடைய கொட்டலசுகளை எங்கே வைத்துப் பார்க்கின்றார் எனக் கேட்டதாம்! அவ்வேலைக்கு நடுவே, 1851 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், பத்து வயதான மகள் அனி நோயுற்று இறந்தாள். சில நாட்களில் அவளைப்பற்றி நெஞ்சுருகும் ஒரு நினைவுக் குறிப்பை எழுதி வைத்தார். பின்னர் மீண்டும் எட்டு மணிக்குப் படிப்பறைக்குச் சென்றார்.

1856 இல் தொடங்கிய பெருநூல் பத்து அதிகாரங்கள் வரை வளர்ந்திருந்தபோது, 1858 ஆம் ஆண்டு யூன் மாதம் 18 ஆம் திகதி, கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து வொலஸ் அனுப்பிய கடிதம் வந்தது. டார்வினின் கொள்கையையே வொலஸும் தாமாகக் கண்டிருந்தார். பத்து நாட்களில், யூன் 28 ஆம் திகதி, கடைக்குட்டிக் குழந்தை செங்காய்ச்சலால் மாண்டது. யூலை முதலாம் திகதி இலண்டன் லின்னேயன் சங்கத்திலே இருவருடைய கட்டுரைகளும் படிக்கப்பட்டபோது டார்வின் அங்கே இல்லை. அதன் பின்னரே பெருநூலைக் கைவிட்டு, அதன் சுருக்கமாக ஒன்றை எழுதத் தொடங்கினார். 13 மாதமும் 10 நாளும் கடுமையாக உழைத்ததாக அவரே கணக்குச் சொல்கின்றார். நூல் ஏறக்குறைய 490 பக்கம். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு அச்சிலே ஒன்றேகாற் பக்கத்திற்கும் குறைவு. 1859 நவெம்பர் 24 ஆம் திகதி 1,250 பிரதிகளுடன் அது வெளியாயிற்று.

அந்நூலின் கையெழுத்துப் பிரதியிலே இன்று மிகச் சில தாள்களே எஞ்சியிருக்கின்றன. அச்சாகி முடிந்தபின் அத்தாள்களின் வெறும் பக்கத்தைப் பிள்ளைகள் படம் வரைய எடுத்துக்கொண்டனர். எஞ்சியவற்றுட் சில, படம் இருந்தமையாலேயே காப்பாற்றப்பட்டன என்பர். படிப்பறைக்குட் பிள்ளைகள் வரக்கூடாது என்ற சட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. கத்தரிக்கோலும் ஒட்டுத்துணியும் தேடி அவர்கள் ஓயாமல் நுழைவதுண்டு. சில்லுப் பூட்டிய முக்காலியைப் படகாக்கி வீட்டுக்குட் செலுத்துவதும் உண்டு.

இவற்றையெல்லாம் வியக்கும்போது மற்றொன்றையும் மறைத்தல் தகாது. டார்வின் ஒருநாளும் சம்பளத்துக்கு உழைத்தவரல்லர். குடும்பச் சொத்து இருந்தது. பாஸ்லோ என்னும் முதன்மை வேலையாளும் வேறு பணியாளரும் இருந்தனர். எல்லாவற்றிற்கும் மேலாக எம்மா இருந்தார். 1839 முதல் 1856 வரை பத்துப் பிள்ளைகளைப் பெற்று, மூவரைப் பறிகொடுத்து, நோயாளியான கணவருக்குத் தாதியாகி, நாவல் வாசித்து, அவர் சொல்லச்சொல்லக் கடிதமும் எழுதியவர் அவர். எட்டு முதல் ஒன்பதரை வரை அந்தக் கதவு சாத்தியிருக்க, கதவுக்கு வெளியே ஒருவர் வீட்டைத் தாங்கி நின்றார். நம் நாட்டிலும் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருந்துகொண்டு நூல் எழுதும் ஆண்களின் வீடுகளில் அத்தகைய ஒருவர் இருக்கின்றார். நூலின் முகவுரையிலே அவர் பெயரைக் காண்பது அருமை. பெண் எழுதவேண்டுமாயின் அவளுக்காகக் கதவுக்கு வெளியே நிற்பவர் யார் என்பதையும் அந்த நடைகூடத்திலே நின்று நாம் எண்ணாதிருக்க முடியவில்லை.

வீட்டைவிட்டு அதிகம் வெளியே செல்லாத அம்மனிதருக்கு உலகம் முழுவதும் தபால் வழியாகவே வந்து சேர்ந்தது. நம் பேராதனைப் பூந்தோட்டமும் அவ்வாறு வந்த இடங்களுள் ஒன்றாகும். 1849 முதல் மூன்று தசாப்தங்கள் அத்தோட்டத்தை நடத்திய துவைற்ஸ் என்பாருக்கு டார்வின் 1856 அளவிலேயே கேள்விகளை எழுதி அனுப்பினார். 1877 இல் வெளியான பூக்களின் வேறுபட்ட வடிவங்களைப் பற்றிய நூலிலே இலங்கையிலிருந்து துவைற்ஸ் செய்த உதவி குறிக்கப்பட்டுள்ளது. 1872 இல் வெளியான மற்றொரு நூலிலோ, பிடிபட்ட இலங்கை யானைகள் கண்ணீர் வடித்ததைப் பற்றி எமேசன் தெனன்ற் எழுதியது எடுத்தாளப்பட்டிருக்கின்றது. பேராதனையில் மகாவலி கங்கைக் கரையோரம் நடக்கும் மாணவர், இந்தக் கணப்படுப்பின் அருகே உருண்ட கதிரையையும் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

மாலையில் எழுத்தில்லை என்றோம். இரவு உணவின்பின் கணவனும் மனைவியும் தாயக்கட்டை உருட்டும் பாக்கம்மன் ஆட்டத்தை நாள்தோறும் இரண்டு முறை ஆடுவர். அதற்கும் கணக்கு! 1876 இல் அமெரிக்க நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலே எம்மா வென்றது 2,490 ஆட்டம், தாம் வென்றது 2,795 ஆட்டம் என்று குழந்தைபோல் மகிழ்ந்து அறிவித்தார். பின்னர் எம்மா பியானோ வாசிப்பார். பத்தரைக்குப் படுக்கை.

எம்மா 1896 இல் இறந்தபின் வீடு சில காலம் பெண்கள் பள்ளியாக இருந்தது. 1929 இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. 1996 முதல் ஆங்கில மரபுரிமை நிறுவனம் அதனைப் பேணிவருகின்றது. புல்வெளியிலே வட்டமான ஒரு கல் கிடக்கின்றது. மண்புழுக்கள் மண்ணைக் கிளறிக் கிளறிக் கல்லை எவ்வளவு தாழ்த்துகின்றன என்று அளப்பதற்கு இட்ட கல்லின் மாதிரி அது. மண்புழுவைப் பற்றிய அந்நூல் 1881 ஒக்டோபரில் வெளியாயிற்று. அதுவே அவருடைய கடைசி நூல்.

1882 ஏப்பிரல் 19 ஆம் திகதி அவர் காலமானார். இலண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்தில் அவரை அடக்கம் செய்தனர். எம்மாவும், குழந்தையிலேயே இறந்த இருவரும் டவுண் தேவாலய வளவிலே உறங்குகின்றனர். இறப்பதற்கு இரண்டு நாள் முன்னர், ஏப்பிரல் 17 ஆம் திகதி, மகன் பிரான்சிஸ் வீட்டில் இல்லாத வேளையில், அவர் செய்துவந்த பரிசோதனை ஒன்றின் அன்றைய நிலையை மகனுக்காகத் தந்தையார் எழுந்து சென்று பார்த்துக் குறித்து வைத்திருந்தார்.